முதலில் ஸ்டே, அப்புறம் ரூட்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்பாதியில் ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்காகச் சொன்னால் ஸயான், ப்ரைஸ் கேன்யன், கேப்பிட்டல் ரீஃப், கேன்யன்லாண்ட்ஸ், ஆர்ச்சஸ். தெற்கே எல்லையைத் தாண்டினால் அரிஸோனாவில் கிராண்ட் கேன்யன். லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்து, ஆறையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டு அங்கேயே வண்டியைத் திருப்பிக் கொடுப்பது அமெரிக்கத் தமிழர் வீடுகளில் விடுமுறைக்கு விடுமுறை போடப்படும் திட்டம். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் கட்டாயம் போடப்படும். ‘எத்தனை நாளில் முடிக்கலாம்?’ என்றுதான் பேச்சு தொடங்கும்.

என் மாமனார் கேட்டது வேறு. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் தடத்தில் நெடுங்காலம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மடிக்கணினியில் நான் காட்டிய வரைபடத்து நீலக் கோட்டை முழுக்கப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் சரி மாப்பிள்ளை, ஸ்டே எங்க?” என்றார். கடைசி டிரிப்பில் மலைக்கிராமத்துக்குப் போய் இரவு அங்கேயே நின்று, விடிகாலை முதல் டிரிப் எடுக்கிற வண்டிக்கு நம் ஊரில் ஸ்டே பஸ் என்று பேர். வண்டி எங்கே படுக்கிறது என்பது தெரிந்தால்தான் காலையில் யாரை ஏற்றுவது என்று தெரியும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு இந்த மண்ணுக்கும் பொருந்துகிறது. யூட்டாவின் பூங்காக்களில் பாறை நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு; நடுப்பகலில் போய் நின்றால் வெளுத்துப்போன கல்லும் உச்சி வெயிலும்தான். அந்த நல்ல நேரம் விடியலுக்கோ அந்திக்கோ ஒட்டி வரும். அருகில் படுத்தவருக்குத்தான் அது கிடைக்கும். ஆகவே என் கட்சி இது: எந்தப் பூங்கா, எத்தனை மைல் என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த இரவு எந்த ஊர் என்று முதலில் எழுதுங்கள். பாதை தானாக வரும்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. 1920களில் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் சீடர் சிட்டி வரை தண்டவாளம் போட்டு, அங்கிருந்து ஸயானுக்கும் ப்ரைஸுக்கும் கிராண்ட் கேன்யனின் வடவிளிம்புக்கும் சுற்றுலாப் பேருந்து விட்டது. மூன்று இடத்திலும் விடுதி கட்டியது. மூன்றையும் வடிவமைத்தவர் கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட் என்ற ஒரே கட்டடக் கலைஞர். ப்ரைஸ் விடுதி எழுந்தது 1925இல். ஸயானின் கிழக்குப் பாறையைக் குடைந்து 1.1 மைல் நீளச் சுரங்கம் போட்டு, சுற்றுப்பாதையைச் சுருக்கியது அதற்குப் பிறகு, 1930இல். விருந்தாளிகள் பேருந்தில் ஏறிக் கிளம்பும்போது விடுதி ஊழியர்கள் வாசலில் வரிசையாக நின்று பாட்டுப் பாடி அனுப்பும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. இதைச் சொன்னபோது மாமனார் சிரித்தார். “அப்போ இங்கயும் முதல்ல டெப்போ, அப்புறம்தான் ரோடு.”

பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகள்தான் இன்றும் திட்டத்தின் ஆணிகள். ஸயானிலும் ப்ரைஸிலும் உள்ளே ஒவ்வொரு விடுதிதான். கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் சில உண்டு; அவற்றில் மூத்தது 1905இல் திறந்த எல் டோவார். தென்விளிம்பு விடுதிகளுக்கு 13 மாதம் முன்பே பதிவு திறக்கிறது. கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் மூன்றிலும் உள்ளே கூடாரம் போடத்தான் இடம், அறை கிடையாது. எது அரிதோ அதை முதலில் பிடிக்க வேண்டும். தென்விளிம்பில் இரண்டு இரவு கிடைத்துவிட்டால் அதை ஊன்றிக்கொண்டு, முன்னும் பின்னுமாக மற்ற இரவுகளை அடுக்கலாம். தேதி ஒத்துவரவில்லையா, சுற்றையே திருப்பிப் போடலாம். கிராண்ட் கேன்யனில் தொடங்கி ஸயானில் முடிப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. ஸயான் வாசலிலுள்ள ஸ்பிரிங்டேல், ஆர்ச்சஸ் பக்கத்து மோவாப் போன்ற ஊர்களில் விடுதிகள் நிறைய, அவை காத்திருக்கும். காத்திருக்காதது வார இறுதி விலை. வெள்ளி, சனி இரவுகள் அந்த இரண்டு ஊரிலும் விழாமல் பார்த்துக்கொண்டாலே கணிசமாக மிச்சம். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மோவாப் பக்கமே போகாதீர்கள். ஜீப் பிரியர்கள் நாடெங்கிலுமிருந்து வந்து ஊரை நிறைத்துவிடுவார்கள்.

உள்ளே அறை இல்லை என்று முதலில் திரை காட்டினால் மனம் விட வேண்டாம். ஒரு வருடம் முன்பே பதிவு செய்பவர்களில் பலர் கடைசி வாரங்களில் ரத்து செய்கிறார்கள். வெளியே ரத்து செய்யக்கூடிய அறை ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஓர் இரவாவது விழும். எங்களுக்கு விழுந்தது ப்ரைஸில். என் மனைவி இந்த வேலையைத் தட்கல் டிக்கெட் எடுக்கும் வேகத்தோடு செய்தாள்.

வேகஸிலிருந்து ஸயான் ஏறக்குறைய 160 மைல், அதாவது 260 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று மணிநேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடிவிடும். மதியம் கிளம்பினால் மாலை கைநழுவும். ஸயானில் விடியலுக்காக ஓடத் தேவையில்லை. பள்ளத்தாக்கின் சுவர்கள் 2,000 அடி உயரம்; சூரியன் உள்ளே எட்டிப் பார்க்கவே நேரமாகும். காலை வேளையின் லாபம் நிழலும், ஷட்டில் பேருந்தில் இருக்கையும்தான். 2000ஆம் ஆண்டிலிருந்து, வசந்தம் முதல் இலையுதிர் காலம் முடிய, பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிகளை விடுவதில்லை. உள்ளே விடுதியில் அறை எடுத்தவர்கள் மட்டும் அனுமதிச் சீட்டோடு விடுதிவரை ஓட்டிப் போகலாம். மற்றவர்களுக்கு ஸ்பிரிங்டேல்தான் சரி. பூங்கா வாசலை ஒட்டிய ஊர். ஊருக்குள்ளேயே இலவசப் பேருந்து ஓடுகிறது. விடுதியில் காரை நிறுத்திவிட்டு நடந்தோ பேருந்திலோ வாசலுக்குப் போய்விடலாம். வாகன நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும் இடத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

கனாப் என்ற ஊரில் தங்கி அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று ஒரு யோசனையை எல்லோரும் சொல்வார்கள். பழைய கௌபாய் படங்கள் பல எடுக்கப்பட்ட ஊர் அது. அறை மலிவு. வரைபடத்தில் பார்த்தால் ஸயான், ப்ரைஸ், வடவிளிம்பு எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் நடுவில் இருப்பது என்றால் எதற்கும் பக்கத்தில் இல்லை என்றும் ஆகிறது. ப்ரைஸுக்குப் போகவே ஒன்றரை மணிநேரம், திரும்ப ஒன்றரை. பெட்டியைத் தினமும் கட்ட வேண்டாம் என்ற சுகத்துக்காக எல்லா விடியலையும் காரிலேயே கழிப்பது எனக்கு ஒப்பவில்லை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

ஸயானில் வயதானவர்களுக்கு ஆற்றோர நடை ஒன்று போதும். ஷட்டிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் வர்ஜின் ஆற்றையொட்டித் தளம் போட்ட பாதை, போக வர இரண்டு மைல் சொச்சம். அது முடியும் இடத்தில் இளவட்டங்கள் ஆற்றுக்குள் இறங்கி இடுக்குப் பள்ளத்தாக்கில் நீரிலேயே நடந்து போகிறார்கள். அத்தை, அதாவது என் மாமியார், கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் காவல் காத்தார். ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதி வாங்க வேண்டும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முகட்டில் நடக்கும் அந்த வித்தை எங்கள் பட்டியலில் இல்லை.

ஸயானிலிருந்து ப்ரைஸ் 85 மைல்தான். சுரங்கத்தைத் தாண்டி வளைந்து போக இரண்டு மணிநேரம். ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவில் பெரிய வண்டிகளை 2026 நடுப்பகுதி முதல் இந்தச் சுரங்கப் பாதையில் விடுவதில்லை என்று பூங்கா அறிவித்திருக்கிறது. அவர்கள் சுற்றித்தான் போக வேண்டும்.

ப்ரைஸுக்குத்தான் இந்தச் சுற்றில் முதல் மதிப்பெண் கொடுப்பேன், அதுவும் படுக்கையின் பொருட்டே. பேர் கேன்யன் என்றாலும் இது ஆறு அரித்த பள்ளத்தாக்கு அல்ல. மேட்டுநிலத்தின் கிழக்கு விளிம்பு உடைந்து அரைவட்ட அரங்குகளாக நிற்கிறது. ஆண்டில் 150 நாளுக்கு மேல் இரவில் உறைபனி, பகலில் உருகல். பாறை வெடிப்பில் புகுந்த நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கிறது. அப்படிப் பிளந்து மிஞ்சியவைதான் ஹூடூ என்கிற அந்தச் செம்மஞ்சள் தூண்கள். அரங்கு கிழக்கே திறந்திருப்பதால் உதயத்தின் முதல் கதிர் நேராகத் தூண்களில் விழுந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தெறித்து, நிழலில் இருப்பவைகூட உள்ளிருந்து எரிவதுபோல் ஆகின்றன. இது நீடிப்பது கொஞ்ச நேரம்தான். விடுதியிலிருந்து விளிம்புக்கு நடந்தே போகலாம். போர்வையைச் சுற்றிக்கொண்டு போனோம். உள்ளே கிடைக்கவில்லையென்றால் வாசலுக்கு வெளியே 1916 முதல் நடக்கும் ரூபீஸ் இன் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத் தூரத்தில் ட்ராபிக் என்ற சிற்றூரும் இருக்கிறது.

உயரத்தை மறந்துவிடக் கூடாது. விளிம்பு 8,000 அடிக்கு மேல், கொடைக்கானலைவிட உயரம். மே மாதத்திலும் இரவில் தண்ணீர் உறையும். மூச்சு வாங்கும். சமையலறை வசதியுள்ள அறை பார்த்து எடுப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி: அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் வைத்த சோறு வேகாமல் சாதிக்கும். குக்கர் இல்லாமல் மேலே ஏறாதீர்கள்.

ப்ரைஸிலிருந்து கேப்பிட்டல் ரீஃப் அருகிலுள்ள டோரி வரை நெடுஞ்சாலை 12. ஏறக்குறைய 115 மைல், நிற்காமல் ஓட்டினால் மூன்று மணிநேரத்துக்குள். நிற்காமல் ஓட்டுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எஸ்கலாண்டேக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்றொரு முதுகு. சாலை அகலத்துக்குத்தான் மலை இருக்கிறது. இரு பக்கமும் சரிவு. தடுப்புச் சுவர் இல்லை. போல்டர் ஊருக்கு 1930கள்வரை கோவேறு கழுதைகளில்தான் தபால் வந்தது. அதற்கப்பால் சாலை 9,600 அடிக்கு ஏறி ஆஸ்பென் மரக்காட்டுக்குள் நுழைகிறது. தன் வாழ்நாளில் எத்தனையோ கொண்டை ஊசி வளைவு பார்த்த மனிதர், ஹாக்பேக்கில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தார். தாண்டிய பிறகு சொன்னார்: “மலையில மைல் கணக்கு பாக்கக் கூடாது மாப்பிள்ளை, மணிக்கணக்குதான். இருட்டுக்குள்ள எறங்கிடணும்.”

அவர் சொன்னதில் இரண்டாவது பாதி முக்கியம். இந்தச் சாலையில் மாடுகள் வேலியில்லாமல் மேய்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் மான்கள் குறுக்கே பாய்கின்றன. சூரியன் மறைந்தபின் இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டும்படியான எந்த நாளையும் திட்டத்தில் வைக்காதீர்கள். கூகுள் சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும்.

கேப்பிட்டல் ரீஃபை எல்லோரும் வழியில் ஒரு மணிநேரம் நின்று போகும் இடமாக வைத்திருக்கிறார்கள். அநியாயம். பூமியின் தோல் நூறு மைல் நீளத்துக்குச் சுருண்டு மடிந்து நிற்கும் இடம் இது. அதன் செஞ்சுவர் மேற்கு நோக்கியிருப்பதால் மாலையில்தான் பார்க்க வேண்டும். அதனால் டோரியில் ஓர் இரவு. நடுவே ஃப்ரூட்டா என்ற பழைய மார்மன் குடியிருப்பு. குடியேறியவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் வைத்த தோட்டங்களைப் பூங்காச் சேவை இன்னும் பராமரிக்கிறது. செர்ரி ஜூனில் தொடங்கி, பீச் ஆகஸ்டில், ஆப்பிள் செப்டம்பருக்குப் பிறகு. பறிப்பு திறந்த தோப்புக்குள் நின்று தின்றால் காசு இல்லை. எடுத்துப்போனால் எடை போட்டுப் பெட்டியில் பணம் போட வேண்டும். அங்கே கிஃபர்ட் வீடு என்ற பழைய வீட்டில் விற்கும் பழப் ‘பை’ பலகாரமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிய பூங்காக்களின் நெரிசலுக்குப் பிறகு ஆப்பிள் மரத்தடியில் மான் மேய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அத்தைக்கு மிகவும் பிடித்திருந்தது.

டோரியிலிருந்து மோவாப் 150 மைல். இந்த வழியில் பெட்ரோலைக் கணக்காகப் போட வேண்டும். ஹாங்க்ஸ்வில்லில் பாறையைக் குடைந்து கடை வைத்திருக்கிறார்கள், அங்கே நிரப்பிக்கொள்ளலாம். மேற்கிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் இடையே 70ஆம் எண் நெடுஞ்சாலையில் 100 மைலுக்கு மேல் பெட்ரோல் நிலையமே கிடையாது. கைபேசிக்கு உயிர் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மோவாபில் மூன்று இரவு வேண்டும். ஆர்ச்சஸ் ஊரிலிருந்து 5 மைல். கேன்யன்லாண்ட்ஸின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி 40 நிமிடம். ஒன்றுக்கு மாலை, ஒன்றுக்குக் காலை. ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் அந்தி வெளிச்சத்தில் சிவக்கும். கேன்யன்லாண்ட்ஸில் மேசா ஆர்ச்சின் அடிவயிறு சூரியோதயத்தில் ஆரஞ்சாகும். முன்னதற்குப் போகவர மூன்று மைல், நிழலே இல்லாத வழுக்குப்பாறை ஏற்றம், திரும்பி இறங்கும்போது இருட்டு. தலையில் கட்டும் விளக்கு அவசியம். பின்னதற்கு அரை மணி முன்பே போனாலும் முக்காலி வைத்த புகைப்படக்காரர்கள் முன்வரிசையைப் பிடித்திருப்பார்கள். ஆர்ச்சஸில் 2022 முதல் சில ஆண்டுகள், கூட்டம் மிகுந்த மாதங்களில் நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வைத்திருந்தார்கள். இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. போகிற ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

கேன்யன்லாண்ட்ஸ் ஒரே பூங்கா என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. கொலராடோ, கிரீன் ஆறுகள் அதை மூன்று துண்டாக வெட்டுகின்றன. உள்ளே பாலம் கிடையாது. ஐலண்டின் விளிம்பில் நின்றால் நீடில்ஸ் பகுதி தெரியும். அங்கே போக மோவாபுக்கு இறங்கி மீண்டும் 75 மைல் ஓட்ட வேண்டும். முதல்முறை போகிறவர்கள் நீடில்ஸை விட்டுவிடலாம். அறை விலை தாங்கவில்லையென்றால் தெற்கே மான்டிசெல்லோவும் வடக்கே கிரீன் ரிவரும் ஏறக்குறைய 50 மைலில் உண்டு. டெலிகேட் ஆர்ச்சிலிருந்து இருட்டில் இறங்கியபின் மேலும் 50 மைல் ஓட்ட உங்களுக்குச் சம்மதம் என்றால்.

மோவாபிலிருந்து கிராண்ட் கேன்யன் ஒரே மூச்சில் ஆறு மணிநேரம். அதை மானுமென்ட் வேலியில் முறித்துக்கொள்வது நல்லது. அது தேசியப் பூங்கா அல்ல, நவஹோ மக்களின் நிலம்; கட்டணம் தனி, தேசியப் பூங்காச் சீட்டு செல்லாது. 2008இல் திறந்த த வியூ விடுதியின் அறைகள் அங்குள்ள கையுறை வடிவப் பாறைகளைப் பார்த்தபடியே கட்டப்பட்டிருக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் உதயத்தைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம். கோடையில் அரிஸோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நாடு மாற்றுகிறது. எல்லையோரத்தில் கைபேசி குழம்பி ஒரு மணி முன்னும் பின்னுமாகக் காட்டும். அன்றைக்கு ஏதாவது முன்பதிவு இருந்தால் எந்த நேரம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வதே உத்தமம்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. 2026 தொடக்கத்திலிருந்து ஆண்டுச் சீட்டு அமெரிக்கவாசிகளுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. சீட்டு இல்லாத வெளிநாட்டவர், 16 வயதோ அதற்கு மேலோ ஆனவரானால், 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவுக்கு மேல் தலைக்கு 100 டாலர் தர வேண்டும். இந்தச் சுற்றில் ஸயான், ப்ரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்த பெற்றோரோடு போகிறவர்கள் எந்தச் சீட்டு தங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று கிளம்பும் முன் பூங்காச் சேவையின் தளத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

கிராண்ட் கேன்யனுக்குக் கிழக்கு வாசல் வழியாக, டெசர்ட் வியூ பக்கமாக நுழையுங்கள். தெற்கு வாசலில் கார்கள் வரிசை கட்டும் நேரத்தில் இங்கே சும்மா கிடக்கும். மேரி கோல்ட்டர் 1932இல் எழுப்பிய கல்கோபுரம் முதலில் வரும். அங்கிருந்து கிராமம் வரை 25 மைலும் விளிம்பையொட்டிய சாலை. உள்ளே அறை இல்லையென்றால் வாசலுக்கு வெளியே டுஸயான். வில்லியம்ஸ் 60 மைல், ஃப்ளாக்ஸ்டாஃப் 80. விலையைப் பார்த்து வடவிளிம்புப் பக்கம் அறை போட்டுவிடாதீர்கள். காக்கை பறக்கும் தூரம் 10 மைல். சாலை வழி 200க்கு மேல். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் மூடியிருக்கும். அங்கிருந்த பழைய விடுதியும் 2025 ஜூலையில் காட்டுத்தீயில் எரிந்துபோனது.

இத்தனைக்கும் இரவுகளைக் கூட்டிப் பாருங்கள்: ஸ்பிரிங்டேல் 2, ப்ரைஸ் 1, டோரி 1, மோவாப் 3, மானுமென்ட் வேலி 1, தென்விளிம்பு 2. பத்து இரவு. ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் கிராண்ட் கேன்யனை வெட்டிவிடுங்கள் என்பேன். மோவாபோடு முடித்து, நான்கு மணிநேரத்தில் சால்ட் லேக் சிட்டி போய் விமானம் ஏறலாம். வேறு ஊரில் காரை விடுவதற்கான கூடுதல் கட்டணம், கடைசி இரண்டு நாள் ஓட்டத்தைவிட மலிவு.

இந்த யோசனையை எங்கள் வீட்டில் வைத்தபோது மாமனார் தலையாட்டினார். அத்தைதான் ஒப்பவில்லை. “இவ்வளவு தூரம் வந்துட்டு கிராண்ட் கேன்யன் பாக்கலன்னு ஊர்ல போய்ச் சொல்ல முடியுமா மாப்பிள்ளை? மத்த பேரெல்லாம் அங்க யாருக்குத் தெரியும்?” என்றார். அன்றிரவே டுஸயானில் இரண்டு அறை போட்டோம்.